பதினேழாம் அறையில் எத்தனை நபர்

எனக்கு எண்ணத் தெரியும். வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாது என்று என் மனைவி சொல்வாள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எண்ணுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று பதினோரு வருடம் மார்தட்டிக்கொண்டிருந்தேன். சவூதியில், தம்மாமிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில், நெடுஞ்சாலையை விட்டு மணலுக்குள் இறங்கும் சாலையின் கடைசியில் இருந்த தொழிலாளர் கேம்பில் நான் டைம் கீப்பர். இப்போது மஸ்கட்டில், ரூவியில் ஒரு கடையின் கிடங்கில் ஸ்டாக் எடுக்கிறேன். பெட்டிகளை எண்ணுவது நிம்மதியான வேலை.

கேம்பில் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பஸ் கிளம்பும். படியருகே நின்று, ஏறுகிறவர்களின் தோளைத் தட்டி எண்ணுவேன். ஹெல்மெட்டில் தட்டினால் ஆட்களுக்குக் கோபம் வரும், அதனால் தோள். ஐந்தாவது பஸ் போனதும் என் கேபினுக்கு வந்து, அறை வாரியாக அச்சடித்த ஷீட்டில் பென்சிலால் குறித்து, ஆபீஸுக்குப் போன் செய்து மொத்தத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நாளும் என் எண்ணிக்கை சைட் ஃபோர்மேனின் எண்ணிக்கையோடு இடித்ததில்லை.

அந்த எண்ணிக்கைக்கு அங்கே ஒரு சொல் உண்டு. நஃபர். அரபியில் ஆள் என்று பொருள். அரபிக்காரரும் பாகிஸ்தானியும் நேபாளியும் நாமும் சேர்ந்து பேசுகிற கலவை மொழியில் ‘கம் நஃபர்?’ என்றால் எத்தனை பேர் என்று கேட்பது. நம் ஊர் ரேஷன் கடையில் ‘எத்தனை நபர்?’ என்கிறார்களே, அதே சொல்தான். நான் முதன்முதலாகப் போனபோது, தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த மாதிரி அந்தச் சொல்லைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் எங்கள் கேம்பில் அதன் பொருள் சுருங்கிப்போயிருந்தது. நஃபர் என்றால் அன்றைக்கு டியூட்டிக்குப் போகிறவர். பஸ்ஸில் ஏறுகிறவர். காய்ச்சலில் படுத்திருப்பவர் ரூமில் இருப்பார், மெஸ்ஸில் சாப்பிடுவார், ஆனால் நஃபர் இல்லை. மூன்று நாள் வரை அவர் பெயருக்கு நேரே ‘சிக்’ என்று எழுதலாம். நான்காம் நாள் பெயரையே ஷீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும், திரும்ப டியூட்டிக்கு வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். அது ஆபீஸ் போட்ட சட்டம். நான் பென்சிலில் எழுதியதற்குக் காரணம் அதுதான். ரப்பர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

பதினேழாம் அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஷீட்டில் ஏழு பேர் இருந்தார்கள்.

எட்டாமவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். கம்பி கட்டுகிற வேலை. நாற்பது வயதைத் தொடவில்லை, என்னை அண்ணே என்பார். ஐந்து கோடைக்காலம் வெயிலில் நின்றவர், ஆறாவது வருடம் கால் வீங்க ஆரம்பித்தது. பிறகு முகம் வீங்கியது. கிட்னி இரண்டும் போய்க்கொண்டிருக்கிறது என்று தம்மாமில் ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். அதே சமயம் பார்த்து அவருடைய இக்காமா, அதாவது குடியிருப்பு அட்டை, காலாவதியானது. ஆபீஸ் அதைப் புதுப்பிக்கவில்லை. அட்டை இல்லாததால் இன்சூரன்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லாததால் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை.

சரி, ஊருக்காவது அனுப்புங்கள் என்று நாங்கள் நாலைந்து பேர் ஆபீஸுக்குப் போய் நின்றோம். பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். ஒரு நாள் அறைக்காரர் ஒருவர் செல்போனில் அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்து இவருடைய இக்காமா எண்ணைப் போட்டுப் பார்த்தபோது ‘ஹுரூப்’ என்று வந்தது. இந்த ஆள் வேலையை விட்டு ஓடிப்போய்விட்டார் என்று கம்பெனி கொடுக்கிற புகாருக்கு அந்தப் பெயர். அதைக் கொடுத்துவிட்டால் மருந்துக்கும் டிக்கெட்டுக்கும் கம்பெனி பொறுப்பில்லை. சுத்தமாகக் கை கழுவிவிட்டார்கள். செருப்புப் போடக்கூட முடியாமல் கால் வீங்கிக் கிடந்தவர், அரசாங்கக் கணக்கில் ஓடிப்போனவர்.

அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார். “நீங்க வேணா விசில் ஊதுங்கண்ணே, எந்திரிச்சு ஓடிக் காட்டுறேன்” என்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஆபீஸ்காரர்கள்மேல் வந்த கோபத்தை அவரிடமே காட்டி, “சும்மா படுங்க தம்பி” என்று எரிந்து விழுவேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது என்ற நோட்டீஸ் அந்தச் சமயத்தில்தான் மெஸ் சுவரில் ஒட்டப்பட்டது. அரபி, இங்கிலீஷ், உருது என்று நாலைந்து மொழியில் இருந்தது. இந்த நாட்டுக்காரர் மட்டுமல்ல, இங்கே வசிக்கிற எல்லோரும் எண்ணப்படுவார்கள் என்று இருந்தது. பெரும்பாலானவர்கள் அதன் கீழே உட்கார்ந்து குபூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்களே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் மட்டும் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்து, அறையில் இங்கிலீஷ் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் என் கேபின் வாசலில் வந்து நின்றார். அவ்வளவு தூரம் நடந்ததில் மூச்சு வாங்கியது.

“அண்ணே, கார்டு இருக்கா இல்லையான்னு பாக்க மாட்டாங்களாம். யாரு இங்க தங்கியிருக்காங்களோ அவங்களத்தான் எழுதுவாங்களாம்.”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“அப்ப நான் இங்கதான இருக்கேன்? ஓடலைல்ல? அவங்க ரிக்கார்டுலயே நான் இந்த கேம்புல இருக்கேன்னு வந்துரும்ல?”

எனக்குத் தெரியாது. வந்துவிடும் என்றும் தோன்றியது, பெயரைக் கொடுத்தால் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போகும் என்றும் தோன்றியது. இரண்டையும் சொல்லவில்லை. “வரட்டும், பாக்கலாம்” என்றேன். ஆபீஸில் எனக்குச் சொன்ன அதே வார்த்தை.

“என் பேர மட்டும் விட்டுறாதீங்கண்ணே. ஷீட்ல இல்லாட்டியும் பரவால்ல. இதுல இருந்துட்டா போதும்.”

கணக்கெடுக்க வந்தவர் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பார். வெள்ளை அங்கி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட். மிகவும் மரியாதையானவர், உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். கேம்புக்கு வருகிற உள்ளூர்க்காரர்கள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அது ஒரு வேலை நாள், முற்பகல், ஆட்கள் எல்லாம் சைட்டில் இருந்தார்கள். பால் இல்லாத டீ போட்டுக் கொடுத்தேன். அறை அறையாகப் போய்ப் பார்க்க வேண்டுமா, பட்டியல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். வெளியே வெயில் கொளுத்தியது. பட்டியல் இருக்கிறது, இங்கேயே முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். என்னுடைய ஷீட்டை இதுவரை யாரும் இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குக் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“கம் நஃபர்?” என்றார்.

முதல் அறை எட்டு. இரண்டாம் அறை எட்டு. மூன்றாம் அறை ஆறு. பெயர், நாடு, வயது என்று அவர் கேட்கக் கேட்க ஷீட்டையும் ஆட்களின் ஃபைலையும் பார்த்துச் சொன்னேன். ஒவ்வொரு அறை முடிந்ததும் நிமிர்ந்து, “குல்லு? நஃபர் தானி மாஃபி?” என்பார். அவ்வளவுதானா, வேறு ஆள் இல்லையா? “மாஃபி” என்பேன். இல்லை.

மூன்றாம் அறையில் முதுகுத் தண்டில் அடிபட்டுப் படுத்திருந்த ஒரு நேபாளி இருந்தார். ஒன்பதாம் அறையில் மஞ்சள்காமாலைக்காரர் இருந்தார். அவர்களுக்கெல்லாம் மாஃபி சொன்னபோது சத்தியமாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவர் நஃபர் என்று கேட்டார், நான் நஃபர் எத்தனை என்று சொன்னேன். பதினோரு வருடப் பழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மண்டைக்குள் பஸ் படிதான் வந்து நின்றது, கட்டில் வரவில்லை. இதுவரைக்கும் நடந்ததைத் தவறு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன், எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

பதினேழாம் அறை வந்தது. “சபா” என்றேன். ஏழு.

அப்போது உறைத்தது. அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஏழு பெயர்களையும் சொல்லி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆனது, யோசிக்க அந்த நேரம் தாராளம். இருக்கிறார், எட்டாவதாக ஒருவர் இருக்கிறார், போய்ப் பார்க்கலாம் வாருங்கள் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் ஓடிப்போனவர் என்று ஆபீஸ் எழுதிக் கொடுத்த ஒருவரை, கேம்பில்தான் இருக்கிறார் என்று நான் எப்படிச் சொல்வது? ஆபீஸைப் பொய்யாக்கியவன் யார் என்று கேட்க மாட்டார்களா? என்னுடைய இக்காமாவும் அந்த மாதம்தான் புதுப்பிக்கப் போயிருந்தது. அதே ஆபீஸில், அதே மேஜையில். யாரும் என்னை மறைக்கச் சொல்லவில்லை. ஒருவரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்றைக்குச் சாக்குச் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

அவர் நிமிர்ந்தார். “குல்லு? நஃபர் தானி மாஃபி?”

“மாஃபி” என்றேன்.

எல்லா அறையும் முடிந்ததும், எண்ணியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கதவுகளில் ஒட்டும் ஸ்டிக்கர்களை எடுத்தார். வெயிலில் நீங்கள் அலைய வேண்டாம், நான் ஒட்டிக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பதினேழாம் அறைக் கதவில் ஸ்டிக்கரைத் தேய்த்து ஒட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவர் கதவைத் திறந்தார். ஷேவ் செய்திருந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார், வீங்கிய கழுத்தில் மேல் பட்டன் மாட்டவில்லை. கையில் பாஸ்போர்ட் நகலும் காலாவதியான இக்காமாவும் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. காலையிலிருந்து அப்படியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“வந்துட்டாங்களாண்ணே?”

“வந்துட்டுப் போயாச்சு தம்பி.”

“உள்ள வரவே இல்லையே?”

“என் கேபின்லயே வச்சு எழுதிட்டாரு.”

“என் பேரு?”

“எழுதியாச்சு.”

அவருடைய முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தார். அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மனைவியிடம், “கவர்மெண்ட்டு கணக்குல ஏறிட்டேன். இனிமே எவனும் ஓடிப்போயிட்டான்னு சொல்ல முடியாது” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, “அப்ப எப்ப வருவீங்க?” என்று அந்தப் பெண் கேட்டார். நான் அடுத்த கதவுக்கு நகர்ந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தம்மாமில் குடும்பத்தோடு இருக்கும் ஒரு தமிழ் என்ஜினியர் கேம்புக்கு வந்தார். விடுமுறை நாளில் கேம்ப் கேம்பாகப் போய், மாட்டிக்கொண்டவர்களுக்குத் தூதரகத்தில் பேசிக் காகிதம் வாங்கிக் கொடுப்பவர். பதினேழாம் அறையில் கட்டிலருகே உட்கார்ந்து, ஹுரூப் ஆனவர்களும் ஊருக்குப் போக ஒரு வழி இருக்கிறது, தூதரகத்தில் பெயர் பதிந்துவிட்டு நாடுகடத்தும் மையத்துக்கு ஒரு நாள் போய்க் கைரேகை வைக்க வேண்டும், நானே கூட்டிப் போகிறேன் என்று விளக்கினார். ஃபாரத்தையும் எடுத்தார்.

மையம் என்றதும் இவருக்குப் பயம். அங்கே போனவர்களை உள்ளே வைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். “வேண்டாம் சார். என் பேருதான் இங்க கணக்குல ஏறிடுச்சே. அவங்களே பாத்து ஆளனுப்புவாங்க. அண்ணன்தான் எழுதிக் கொடுத்தாரு” என்று என்னைக் காட்டினார்.

என்ஜினியர் திரும்பி என்னைப் பார்த்தார். “அப்படியாண்ணே?”

“ஆமா” என்றேன்.

முதல் பொய்க்குப் பயம் காரணம். இந்த இரண்டாவது பொய்க்கு என்ன காரணம் என்று பல முறை யோசித்திருக்கிறேன். அவர் முகத்துக்கு நேரே, அன்றைக்கு நான் உன்னை எழுதவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெறும் வெட்கம். என்ஜினியர், அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன், அதற்குள் மனசு மாறினால் போன் செய்யுங்கள் என்று ஃபாரத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் வரவில்லை, அதாவது பதினேழாம் அறைக்காரருக்கு வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மெஸ்ஸிலிருந்து கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மூன்று தடவை கூப்பிட்டேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை, கையெல்லாம் கொட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

போலீஸ் அதிகாரி அறை வாசலில் நின்று என்னைக் கேட்டார். “ஹினா கம் நஃபர்?” இங்கே எத்தனை பேர்?

“எட்டு” என்றேன்.

பக்கத்தில் நின்ற ஆபீஸ்காரர் உடனே குறுக்கிட்டார். ஏழு பேர்தான் சார், இந்த ஆள் ஓடிப்போய்ப் பல மாதம் ஆகிறது, எப்போது திருட்டுத்தனமாக உள்ளே வந்து படுத்தாரோ எங்களுக்குத் தெரியாது என்றார். என் கேபினிலிருந்து ஷீட்டை எடுத்து வந்து நீட்டினார். பதினேழாம் அறை, ஏழு. கீழே என் கையெழுத்து. மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் ஏழு, ஒவ்வொரு நாளும் என் கையெழுத்து. அதிகாரி ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொன்ன எட்டை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, எழுதிக்கொண்டது மட்டும் தெரியும்.

ஓடிப்போனவருடைய உடலை வாங்க எந்தக் கம்பெனி முன்வரும்? அறுபத்து மூன்று நாள் பிணவறையில் இருந்தார். நான் எண்ணினேன். என்ஜினியரும் நானும் ஆபீஸ், போலீஸ், தூதரகம் என்று அலைந்தோம். ஊரிலும் ஒரு சிக்கல். வெளிநாட்டில் இருப்பவர் என்று சொல்லி ரேஷன் கார்டிலிருந்து அவர் பெயரை எப்போதோ எடுத்திருக்கிறார்கள், மனைவி என்று நிரூபிக்கவே அந்தப் பெண் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். அங்கே இல்லை என்றார்கள், இங்கேயும் இல்லை என்றோம். போனில் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். “கணக்குல ஏறிட்டேன்னு சொன்னாங்களேண்ணே, அந்தக் காகிதத்த வாங்கிக் காட்டுனா விட மாட்டாங்களா?”

அன்றைக்குத்தான் என்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம்.

“அந்தக் கணக்க யாருக்கும் காட்ட மாட்டாங்கண்ணே. போலீசுக்கும் தர மாட்டாங்க, கம்பெனிக்கும் தர மாட்டாங்க. நீங்க எழுதியிருந்தாலும் அவர யாரும் பிடிச்சிருக்க மாட்டாங்க. அத வச்சு அவர யாரும் காப்பாத்தியிருக்கவும் மாட்டாங்க. எந்த இடத்துல எத்தன பேர் இருக்காங்க, அங்க எத்தன கிளினிக் வேணும், எத்தன ஆம்புலன்ஸ் வேணும்னு பாக்கத்தான் எண்ணுறாங்க.”

அந்த முதல் பொய் அவரைக் கொல்லவில்லை என்று ஆறுதலாகத்தான் சொன்னார். இரண்டாவது பொய்யைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆனால் அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது வேறு. அன்றைக்கு அறை அறையாக நான் சொன்ன மாஃபிகளை நினைத்துப் பார்த்தேன். முதுகு உடைந்தவர் இல்லை, காமாலைக்காரர் இல்லை, கிட்னிக்காரர் இல்லை. நான் கொடுத்த கணக்கின்படி எங்கள் கேம்பில் உடம்புக்கு முடியாதவர் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு எதற்கு ஆம்புலன்ஸ்? ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாலே அதிகம்.

கடைசியில் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இந்த ஆள் ஒரு நாளும் கேம்பை விட்டுப் போகவில்லை, பதினேழாம் அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள், ஷீட் பொய், எழுதியவன் நான் என்று வாக்குமூலம் கொடுத்தேன். பேனாவில் எழுதினேன். அதை வைத்துத்தான் கம்பெனியை இழுத்துப் பிடித்து உடலை ஊருக்கு அனுப்பிவைக்க வைத்தார்கள். என் இக்காமா அதோடு நின்றது, அதில் எனக்கு வருத்தமில்லை. செய்ய வேண்டியதை அவர் உயிரோடு இருந்தபோது செய்யவில்லை, இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பிணவறையிலிருந்து விமான நிலையத்தின் கார்கோ பகுதிக்கு வேனில் போனோம். டிரைவர் ஒரு பாகிஸ்தானி, முன்சீட்டில் நான், பின்னால் பெட்டி. கார்கோ கேட்டில் காவலாளி தடுப்பைத் தூக்காமல் ஜன்னலருகே வந்தார். உள்ளே போகிறவர்களுக்குப் பாஸ் எழுத வேண்டும்.

“கம் நஃபர்?”

“இத்னைன்” என்றார் டிரைவர். இரண்டு.

“தலாதா” என்றேன் நான். மூன்று.

காவலாளி குனிந்து டிரைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டார்ச்சை எடுத்துப் பின்பக்கம் அடித்துப் பார்த்தார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. வெயிலில் கிறுக்குப் பிடித்த எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். “தலாதா” என்று மறுபடியும் சொன்னேன். டிரைவர் என் முழங்காலில் கை வைத்து, “பஸ் கரோ பாய்” என்றார். போதும், விடு.

காவலாளி பாஸில் இரண்டு என்று எழுதி என்னிடம் கொடுத்தார்.